பிறை அறியாத கணிப்பொறி

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைக் கடந்து செல்லும் செங்கம் சாலையைப் பௌர்ணமி தோறும் கிரிவலம் வருவோர் நிரப்பிவிடுகின்றனர். மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டார் வந்து தங்குகின்றனர். அங்குக் கடை வைத்திருப்பவரின் வரவு ஆங்கில மாதத்தை ஒட்டியன்று, வானத்து நிலவை ஒட்டியே ஏறி இறங்குகிறது.

இன்று சிறு வணிகரும் கல்லாக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றுகின்றனர். அதனை ஆராய்ந்து சொல்லும் மென்பொருள்களும் பெருகிவிட்டன. 1996-இல் தொடங்கப்பெற்ற, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் 'ஸோஹோ அனலிடிக்ஸ்', மைக்ரோசாஃப்டின் 'பவர் பிஐ' ஆகியவை அவற்றுள் சில. முன்னர் இவை அட்டவணையும் வரைபடமும் மட்டுமே தந்தன. இப்போதோ, "சென்ற மாதம் எந்தச் சரக்கு குறைவாக விற்றது?" என எளிய ஆங்கிலத்தில் வினவினால் விடை தருகின்றன; வருங்கால விற்பனையை மதிப்பிடுகின்றன; வழக்கத்திற்கு மாறான ஏற்ற இறக்கத்தைத் தாமே சுட்டிக்காட்டுகின்றன.

பயனுள்ள கருவிதான். ஆனால், அதற்கு நாம் சொல்லாத வரை பிறை தெரியாது!

2023 ஆகஸ்டில் தொடக்கத்தில் ஒன்றும் இறுதியில் ஒன்றுமாக இரு பௌர்ணமிகள் வந்தன. செப்டம்பரில் ஒன்றே. மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும் கணிப்பொறி, செப்டம்பரில் வியாபாரம் சரிந்ததாகவே காட்டும்.

நம் வீட்டுக் கணக்கிலும் இதே நிலைதான். ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களே கொண்டது. ஆதலால் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே வருகிறது. 2024-இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11; 2025-இல் மார்ச் 31. ஒரு ஜவுளிக்கடையின் பெருநாள் விற்பனை 2024-இல் ஏப்ரலிலும் தொடர்ந்திருக்கும். 2025-இல் மார்ச்சோடு முடிந்திருக்கும். திரையில் தோன்றும் 'ஏப்ரல் சரிவை' நம்பி, கடைப் பையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால், கருவியின் அறியாமைக்கு ஓர் ஏழைக் குடும்பமன்றோ விலை கொடுக்கும்?

பரிகாரம் எளிது. கணக்கில் 'பௌர்ணமி', 'பெருநாளுக்கு எத்தனை நாள் முன்' என இரு பத்திகளைக் கூடுதலாகச் சேர்த்திடுக. ரமளானை ரமளானோடு ஒப்பிடுக. கணிப்பொறி கூறும் காரணத்தைக் கல்லாவில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டுச் சரிபார்த்திடுக.

மற்றொன்றும் உண்டு. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், கடன் பாக்கி ஆகியவை நம்மிடம் உள்ள அமானிதம். ஆய்வுக்குத் தேவையற்றவற்றை ஏற்றாமல் விடுவதே நன்று. 2023-இல் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்பொறுப்பையே வலியுறுத்துகிறது.

எண்களைக் கூட்டுவது கருவியின் வேலை. அவற்றின் பொருளை அறிவது மனிதனின் கடமை.