உங்களுக்குத் தெரியுமா? கொரிய வாக்கியத்தில் கண் இடறும் இடங்கள்

✦ 'கொரிய மொழியைக் கடைசிவரை கேட்டால்தான் புரியும்' என்று கொரியர்களே சொல்வார்கள். வினை வருவது கடைசியில். உண்டா இல்லையா, கேள்வியா கட்டளையா என்பதும் அந்த வினையின் வாலில்தான் தெரியும். ஆனால், படிப்பவரின் மூளை அதுவரை கைகட்டி நிற்பதில்லை. பெயரோடு 'இ' அல்லது 'கா' ஒட்டியிருந்தால் எழுவாய், 'உல்' அல்லது 'ருல்' ஒட்டியிருந்தால் செயப்படுபொருள் என்று அப்போதே கணக்குப் போட்டுவிடும்.

✦ அந்த அவசரம் சில நேரம் காலை வாரும். 'அமைச்சர் நிருபரைத் திட்டிய ஆசிரியரைப் பாராட்டினார்.' கொரியத்திலும் இதே வரிசைதான். முதல் இரண்டு சொற்களைப் பார்த்ததும் அமைச்சர்தான் நிருபரை ஏதோ செய்கிறார் என்று தோன்றும். பெயரெச்சம் வந்து, 'ஆசிரியர்' தலைகாட்டிய பிறகே திட்டியவர் வேறு ஆள் என்று புரிகிறது. கட்டியதைக் கலைத்து மறுபடி கட்ட வேண்டும். ஆங்கிலத்தில் 'ஹூ' என்ற சொல் முன்கூட்டியே எச்சரித்துவிடும். இங்கே அந்த வசதி கிடையாது.

✦ 'அமைச்சரைத் திட்டிய நிருபர்', 'அமைச்சர் திட்டிய நிருபர்'. எது படிக்கச் சுலபம்? ஆங்கிலத்தில் முதல் வகைதான். தொடருக்குள் 'நிருபர்' இருந்திருக்க வேண்டிய, ஆனால் விடுபட்ட இடத்துக்கும் 'நிருபர்' என்ற பெயருக்கும் உள்ள தூரம் அங்கே குறைவு, அதனால்தான் என்றொரு விளக்கம் உண்டு. கொரியத்தில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் வருவதால் தூரக் கணக்கு தலைகீழாகிறது. இரண்டாவது வகைதான் சுலபமாக இருக்க வேண்டும். நாயொங் க்வொன் குழுவினர் கண்ணசைவை அளந்து, 2010-இல் 'லாங்குவேஜ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள்: கொரியத்திலும் முதல் வகைதான் சுலபம்! சொற்களை எண்ணி அளக்கும் தூரத்தைவிட எழுவாய் என்ற பதவிக்கு மவுசு அதிகம் போலும்.

✦ 1896-இல் தொடங்கிய 'தொங்னிப் சின்முன்' செய்தித்தாள் கொரிய எழுத்தான ஹங்குலில் சொற்களுக்கிடையே இடைவெளி விட்டு அச்சானது. இன்றைய வழக்கப்படி 'இ', 'உல்' போன்ற உருபு பெயரோடு ஒட்டியே நிற்கும், அதற்குப் பிறகுதான் இடைவெளி. அதனால் எழுவாயா, செயப்படுபொருளா என்ற குறிப்பும் பெயரோடு சேர்ந்தே கண்ணில் படும்.

✦ ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் அடங்கியிருந்து, வெளிவாக்கியத்துக்கு ஒன்று, உள்வாக்கியத்துக்கு ஒன்று என்று தொடக்கத்திலேயே இரண்டு எழுவாய்கள் அடுத்தடுத்து வந்தால்? 2007-இல் 'காக்னிஷன்' இதழில் வந்த ஆய்வு சொல்வது: இரண்டும் ஒரே வகையாக, அதாவது இரண்டும் ஆட்பெயர் என்றோ, இரண்டும் 'ஆசிரியர்', 'மாணவர்' போன்ற பொதுச்சொல் என்றோ இருந்தால் வாசிப்பு மந்தமாகிறது. வேடிக்கை என்னவென்றால், எழுவாய்களைக் கடக்கும்போது அல்ல, கடைசி வினைகளைப் படித்த பிறகுதான் அந்தத் தடுமாற்றம். எது யாருடைய வினை என்று அப்போதுதானே தேட வேண்டியிருக்கிறது! வெளிவாக்கியத்தின் எழுவாய் 'அவர்' என்றோ ஒருவர் பெயராகவோ இருந்து, உள்வாக்கியத்தின் எழுவாய் பொதுச்சொல்லாக இருந்தால் மிகச் சுலபமாகப் புரிகிறதாம்.