மீனாட்சி சன்னதிக்கு விழுந்த பூட்டு!

மதுரை:

"உங்க வீட்டிலே மதுரையா, சிதம்பரமா?" பெண்சாதி கை ஓங்கிய வீடென்றால் மதுரை! பெரிய கோவிலிலும் அதே கதைதான். முதலில் மீனாட்சி அம்மன், அப்புறம்தான் சொக்கர். அதுதான் இங்கே வழக்கம்.

ஆனால் அந்த அம்மனைப் பார்க்கவே விடாமல் ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தியதும் இதே ஊரின் வழக்கம்தான். தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் தூர நின்று கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

துணிந்த 6 பேர்

1939 ஜூலை 8-ந் தேதி அது உடைந்தது. வக்கீல் வைத்தியநாதய்யர் 6 பேருடன் உள்ளே நுழைந்தார். 5 பேர் தாழ்த்தப்பட்டோர், ஒருவர் நாடார். அந்த ஐவரில் பின்னாளில் உள்துறை மந்திரியான கக்கனும் ஒருவர். கோவில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார்!

ஊரே அமளி. "தீட்டாகிவிட்டது" என்று பட்டர்களில் சிலர் கோவிலைப் பூட்டினார்கள். நாயுடு அசரவில்லை. பூட்டைத் திறக்க வைத்து பூசையை நடத்தினார்.

எதிர்த்தவர்கள் வெளியே தனியாக ஒரு மீனாட்சி கோவிலே வைத்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

உள்ளே போனவர்கள் மேல் வழக்குப் பாயாமல் ராஜாஜி மந்திரிசபை உடனே அவசரச் சட்டம் போட்டது. 1947-ல் மாகாணம் முழுவதும் கோவில் கதவுகள் சட்டப்படி திறந்தன.

இன்று சித்திரைத் திருக்கல்யாணத்துக்கு முண்டியடிக்கிறதே கூட்டம், அதில் எத்தனை பேருடைய தாத்தாக்கள் கோபுரத்தை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்களோ!