அடிபட்ட காலில் எத்தனை கிலோ ஊன்றலாம்? அளந்து சொல்லும் சென்சார் கைத்தடி!

வல்லம் வடகால் சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு காலில் அடிபட்டால் சம்பளமே நின்ற மாதிரி. ஷிஃப்ட் முழுக்க லைனில் நிற்கணும், கம்பெனி பஸ் வரும் இடம் வரை நடக்கணும். பைக்கிலிருந்து விழுந்து எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொல்வார்: "ஆறு வாரத்துக்கு 20 கிலோவுக்கு மேல ஊன்றாதீங்க."

20 கிலோ என்பது காலுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதுதான் உண்மை. வெயிங் மெஷினில் காலை வைத்து அழுத்திப் பழக்குவார்கள். ஆனால் நின்று அழுத்துவது வேறு, நடப்பது வேறு. நடக்கும்போது பலரும் அளவைத் தாண்டிவிடுகிறார்கள். அதிகமாக ஊன்றினால் பிளேட், ஸ்க்ரூ தளர வாய்ப்பு. பயந்து ஊன்றாமலே இருந்தால் தசை மெலிந்துவிடும்.

தடிக்குள் என்ன இருக்கு?

தராசில் இருக்கும் லோடு செல் போன்ற ஒரு சென்சார், தடியில் விழும் எடையை அளக்கும். மொபைலைத் திருப்பினால் ஸ்கிரீனும் திரும்புகிறதே, அதற்கு உதவும் ஆக்சிலரோமீட்டரும், கூடவே கைரோஸ்கோப்பும் தடியின் சாய்வையும் ஊன்றும் நேரத்தையும் சொல்லும். தகவல் புளூடூத் வழியாக போனுக்கு வரும். தவறாக ஊன்றினால் பீப் சத்தமோ அதிர்வோ வரும்படி வைக்கலாம்.

ஒரு கணக்கு பாருங்க. உங்க எடை 60 கிலோ, காலில் 20 கிலோதான் போகணும் என்றால் மீதி 40 கிலோவை கைகள் தாங்கணும். ஒற்றைக் கைத்தடியால் அது நடக்காது. இரண்டு பக்கமும் கிரட்சஸ், இல்லையென்றால் வாக்கர் வேணும். இன்னொன்று, தடி அளப்பது கையில் போகும் எடையை மட்டுமே. காலில் போவதை நேரடியாக அளக்க ஷூவுக்குள் வைக்கும் சென்சார் வேணும்.

பின்லாந்தில் பிரபலமான 'நார்டிக் வாக்கிங்' நடைப்பயிற்சிக்கும் இரண்டு தடிகள்தான். பார்கின்சன் நோயாளிகளுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். தடியைப் பின்பக்கம் சாய்த்து ஊன்றித் தள்ளணும். பலர் சும்மா தட்டிக்கொண்டே போவார்கள். சென்சார் அதையும் கண்டுபிடித்துவிடும்.

நம்ம ஊரில்?

மெடிக்கல் கடையில் கிடைக்கும் அலுமினிய ஸ்டிக்கில் இந்த வசதி எதுவும் இல்லை. ஆனால் பயிற்சியை அளந்து பார்க்கும் யோசனை இங்கே புதுசு இல்லை. பக்கவாதம் போன்ற பாதிப்புகளுக்குப் பின் கைப் பயிற்சி தர, வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'ப்ளூட்டோ' என்ற சிறிய ரோபோவை உருவாக்கியிருக்கின்றன.

சாதா தடியிலும் சரி பார்க்க வேண்டியது இருக்கு. ஒற்றைத் தடி என்றால், அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கணும். சினிமாவில் பல ஹீரோக்கள் தப்பாத்தான் பிடிப்பார்கள்! கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் இடம்தான் கைப்பிடியின் உயரம்.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தா? இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்த்த திருத்தப்படி, பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு நிரூபணமானால் அதுவும் பணிக்கால விபத்துதான். தற்காலிக ஊனப் பலனாகச் சம்பளத்தில் சுமார் 90% கிடைக்கும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்க.