அந்த 48,889 பேர் யாரு சார்?

என் அக்கா மகன் ஒரு படம் எடுத்துவிட்டான்.

'எடுத்திருக்கிறான்' என்று பெருமையாகச் சொல்லாமல், என்னவோ எக்ஸிடென்ட் ஆன மாதிரி 'எடுத்துவிட்டான்' என்று சொல்கிறேனே, காரணம் இருக்கிறது. அக்காவின் 15 பவுன் பாங்க்கில் தூங்குகிறது. அதில் வந்தது 6 லட்சம். என் பி.எஃப். லோன் 3 லட்சம். கூடப் படிக்கிற விஸ்காம் பையன்கள் ஏழு பேர் 'ப்ராஜெக்ட் ஃபீஸ்' என்று சொல்லித் தத்தம் அப்பாக்களிடம் கறந்தது 5 லட்சம். ஆக 14 லட்சம் ரூபாய் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதை அக்கா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தினமும் ஒரு பூ வேறு!

படம் த்ரில்லர். மேன்ஷன் ரூம் ஒன்றுக்குப் புதுசாகக் குடிவருகிறான் ஒருத்தன். கட்டிலுக்கு அடியில், முன்னால் இருந்தவன் விட்டுப்போன சூட்கேஸ். திறந்தால் பத்து செல்போன். எல்லாம் செத்துப்போன போன்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அதில் ஒன்று மட்டும் அடிக்கிறது...

எனக்கே கொஞ்சம் உதறியது. "நல்லாத்தான்டா இருக்கு. யாருகிட்ட விக்கப் போறே?" என்றேன்.

"அதுக்குத்தான் மாமா உங்ககிட்ட வந்தேன். நீங்க அக்கவுன்ட்ஸ்தானே?"

அக்கவுன்ட்ஸில் இருப்பவனுக்கு சினிமா விற்கத் தெரியும் என்று இவனுக்கு யார் சொன்னார்கள்? போகட்டும். என் 3 லட்சமும் உள்ளே இருக்கிறதே. அரை நாள் லீவு போட்டேன்.

மவுன்ட் ரோடு பக்கம் மீரான் சாகிப் தெரு. ஒரு காலத்தில் விநியோகஸ்தர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஆபீஸ் போட்டிருந்த தெரு. வடாற்காடு-தென்னாற்காடு, செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை, திருச்சி-தஞ்சாவூர், நெல்லை-கன்னியாகுமரி என்று தமிழ்நாட்டையே ஏரியா ஏரியாவாகப் பிரித்து, வெள்ளை வேட்டிக்காரர்கள் படங்களை வாங்கி விற்ற இடம். நண்பர் ஒருவர் சொல்லி, அந்தக் காலத்து விநியோகஸ்தர் ஒருவரைப் பார்க்கப் போனோம். எட்டுப் பையன்களும் கூடவே வந்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போகிற மாதிரி.

நெற்றி நிறைய விபூதி. மேஜையில் ஆறிப்போன டீ. தலைக்கு மேலே கிறீச் கிறீச்சென்று ஒரு ஃபேன்.

"யாரு நடிச்சிருக்கா?"

"எல்லாம் புதுமுகம் சார்."

"டைரக்டர்?"

"நான்தான் சார்."

"வயசு?"

"இருபத்திரெண்டு சார்."

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "இந்த ஃபேனுக்கு அதைவிட ஜாஸ்தி. சரி, யாருக்காக எடுத்தே?"

"எல்லாருக்கும்தான் சார். யூத், ஃபேமிலி, லேடீஸ், ஏ, பி, சி எல்லா சென்டரும்..."

"நீங்க எட்டுப் பேரு இருக்கீங்க. போன மாசம், புதுமுகம் நடிச்ச ஒரு படத்தை தியேட்டர்ல காசு குடுத்துப் பாத்தவன் கை தூக்கு."

ஒரு கையும் எழவில்லை. கடைசியில் நின்ற பையன் மட்டும் பாதி தூக்கிவிட்டு இறக்கினான். "அது அப்பாவோட ஃப்ரெண்டு படம் சார். பாஸ்ல போனேன்."

"நீங்களே படி ஏறாத கடையில என்னைப் பங்குக்குக் கூப்பிடறீங்களே தம்பி!"

மருமகன் விடவில்லை. "ஊமை விழிகள் திரைப்படக் கல்லூரிப் பசங்க எடுத்ததுதானே சார்? அதுவும் த்ரில்லர்தானே?"

பெரியவர் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம். "1986-ம் வருஷம். ஆபாவாணன் எழுதினார், அரவிந்தராஜ் டைரக்‌ஷன். பசங்கதான். ஆனா பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா? விஜயகாந்தைப் போட்டாங்க, ஜெய்சங்கரைப் போட்டாங்க, சினிமாஸ்கோப்ல எடுத்தாங்க. எங்களுக்கு எதைக் காட்டினா நாங்க பெட்டியை வாங்குவோம்னு தெரிஞ்சுக்கிட்டு எடுத்தாங்க. நீ எனக்கு என்ன காட்டப் போறே? சூட்கேஸா?"

பிறகு கோபம் தணிந்து, வியாபாரத்தை எங்களுக்குப் பாடமாகவே எடுத்தார். 'அவுட்ரைட்' என்றால் மொத்தமாக விலை பேசி வாங்கிக்கொள்வது. லாபமும் நஷ்டமும் வாங்கினவன் தலையில். 'எம்.ஜி.' என்றால் இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது. வசூல் அதைத் தாண்டினால்தான் தயாரிப்பாளருக்குப் பங்கு. 'அட்வான்ஸ்' என்றால் முதலில் கொடுத்த பணம் வசூலாகவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாலாவது, கமிஷன். படத்தை தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். போஸ்டரிலிருந்து எல்லாச் செலவும் நம்முடையது.

"உங்களுக்கு நாலாவதுதான். அதுவும் யார் பாப்பாங்கனு சொன்னாத்தான்" என்றார். "கண்டுபிடிச்சிட்டு வாங்க. நான் எங்கேயும் போகமாட்டேன். எனக்கும் வேலை இல்லை."

எதிரே டீக்கடையில் உட்கார்ந்து சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டேன். (அக்கவுன்ட்ஸ்!) டிக்கெட் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி., உள்ளாட்சிக் கேளிக்கை வரி போகும். மிச்சத்தில் பாதி தியேட்டருக்கு. அதிலும் கமிஷன் கழித்தால் நம் கைக்கு வருவது ரவுண்டாக 45 ரூபாய். படச் செலவு 14 லட்சம். ஊரெல்லாம் ரிலீஸ் பண்ண, டிஜிட்டல் சார்ஜ், போஸ்டர், விளம்பரம் என்று 8 லட்சம். மொத்தம் 22 லட்சம். அதை 45-ஆல் வகுத்தால்...

48,889 பேர்.

"டேய், நாற்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது பேர் வந்தாத்தான் உங்கம்மா நகை வரும். யாருடா அவங்க? பேர் சொல்லு பார்ப்போம்" என்றேன். மருமகன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஒரு வேதப்புத்தகம் உண்டு. ராபர்ட் ரோட்ரிகஸ் எழுதியது. அமெரிக்காவில் டெக்ஸஸ் யுனிவர்சிடியில் படித்துக்கொண்டிருந்த பையன், சுமார் 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' என்று படம் எடுத்து, அதை கொலம்பியா கம்பெனியே வாங்கி, 1993-ல் சன்டான்ஸ் விழாவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் பரிசை வாங்கிய கதை. புது மருந்து பரிசோதனைக்கு உடம்பை வாடகைக்கு விட்டு 3,000 டாலர் சேர்த்ததும், ஆஸ்பத்திரி சக்கர நாற்காலியில் காமிராவை வைத்துத் தள்ளினதும் சினிமாப் பைத்தியங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஒரு ராத்திரி அதை வாங்கி நானும் படித்தேன். எல்லாரும் அந்த 7,000 டாலரைத்தான் பார்க்கிறார்கள். பையன் காமிராவைத் தொடுவதற்கு முன்னாலேயே தன் படத்தை யார் வாங்குவார்கள் என்று முடிவு பண்ணிவிட்டானே, அதை யாரும் பார்ப்பதில்லை! ஹாலிவுட்டை அவன் நினைக்கவே இல்லை. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கென்று தனி வீடியோ மார்க்கெட் இருந்தது. அங்கே துப்பாக்கியும் கிடாரும் இருந்தால் கேஸட் போகும். அந்த மார்க்கெட் என்ன விலை கொடுக்குமோ அதற்குள் எடுத்தான். தோற்றாலும் பெரிசாகப் போண்டி ஆகமாட்டான். கேஸட்டைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த வீடியோ கம்பெனிகளின் படியேறப் போனபோதுதான், நடுவில் ஓர் ஏஜென்ட் கண்ணில் பட்டு, கொலம்பியா வந்தது. அதுவும், தியேட்டரில் போடுகிற மாதிரி அதைப் பெரிசு பண்ண, படமெடுத்த செலவைப்போலப் பல மடங்கு கொலம்பியா செலவழித்தது. அதைப் போஸ்டரில் போடுவார்களா?

காலையில் மருமகனிடம் இதைச் சொன்னேன். "நீ படத்தை எடுத்துட்டு மார்க்கெட் தேடறே. அவன் மார்க்கெட்டைப் பாத்துட்டுப் படம் எடுத்தான்."

"இப்ப சொல்லி என்ன மாமா?" என்றான். நியாயம்தான்.

நடுவில் ஓ.டி.டி.க்காரர்களுக்கு மெயில் போட்டுப் பார்த்தான். ஒரே ஒரு பதில் வந்தது. 'தியேட்டரில் ரிலீஸ் ஆகிவிட்டதா?' தியேட்டர்காரர் 'ஓ.டி.டி. பேசியாச்சா?' என்றார். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை!

சென்சார் வேறு. ரத்தத்தைக் குறைடா என்று கெஞ்சினேன். 'ஏ' வாங்கினால் டி.வி. கதவு சாத்திக்கொள்ளும். டீக்கடைக் காட்சியில் பின்னால் ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று ஓடியது. உரிமை வாங்கவில்லை. எடு. குறுக்கே தெருநாய் ஒன்று பிரமாதமாக நடித்திருந்தது. விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி இல்லை. எடு. நாய்க்காகப் பையன் அழுதுவிட்டான். படத்தில் அவன் ஒழுங்காக டைரக்ட் பண்ணின ஒரே நடிகர் அதுதானாம்.

கடைசியில், 48,889-ஐ விட்டுவிட்டு ஒரு நாற்பது பேரைப் பிடிப்போம் என்று முடிவு பண்ணினோம். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் எனக்குப் பழைய ரூம்மேட் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகை ப்ரொஜெக்டர் வைத்துப் போட்டோம். மெடிக்கல் ரெப், கூரியர் ஆபீஸ், ஜவுளிக்கடை, ஐ.டி. நைட் ஷிஃப்ட், குரூப் ஃபோர் எழுதுகிறவர்கள்... கைலியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

இருபத்தைந்தாவது நிமிஷம் பின்னாலிருந்து ஒரு குரல்: "வாட்ச்மேன்தான்டா கொலைகாரன்!"

மருமகன் முகத்தை இருட்டிலும் பார்க்க முடிந்தது. ட்ரோன் எல்லாம் விட்டுப் பதினோரு நிமிஷம் எடுத்த துரத்தல் காட்சியில் பாதிப் பேர் செல்போனைத் தடவினார்கள். நான் குறிப்பு நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டே வந்தேன்.

ஆனால் ஓர் இடம். ஹீரோ பயந்துபோய் ரூமைக் காலி பண்ணப் போகிறான். ஓனர், "அட்வான்ஸ் எல்லாம் திருப்பித் தர்ற பழக்கம் இல்ல தம்பி" என்கிறார். விசில்! கைதட்டல்! "எங்காளு மாதிரியே பேசறான்டா!" பிணம் கிடைக்கிற காட்சிக்குக்கூட அப்படிச் சத்தம் வரவில்லை. படம் முடிந்து ஒரு மணி நேரம் யாரும் கீழே போகவில்லை. ஆளாளுக்கு மேன்ஷன் கதை. ஒருத்தர் தன் ரூமுக்கு ஆறு வருஷமாக வேறு யாருடைய பெயருக்கோ கடிதம் வருவதாகச் சொன்னார். பிரிக்கவும் பயம், கிழிக்கவும் பயமாம்.

அடுத்த வாரம் வார்டன் காலில் விழாத குறையாகக் கேட்டு, பெண்கள் பி.ஜி. ஒன்றின் சாப்பாட்டு ஹாலில் போட்டோம். அவர்கள் பயந்தது போன் அடிப்பதற்கு இல்லை. "அந்த ரூம்ல உள்தாழ்ப்பாளே காட்டலையே?" என்று ஒரு பெண் கேட்டாள். "ராத்திரி இப்படி நடந்தா நாங்க முதல்ல பண்றது லைட்டைப் போடறது இல்லைண்ணா. ஃப்ரெண்டுக்கு லொகேஷன் அனுப்பறது." எங்கள் எட்டு மேதைகளுக்கும் இது தோன்றவில்லை. ஒரு நாள் ஷூட்டிங் போய் அதைச் சேர்த்தான். துரத்தலில் ஒன்பது நிமிஷம் காலி. வாட்ச்மேனின் ஒரு குளோசப் அவுட்.

மறுபடி மீரான் சாகிப் தெரு. இந்தத் தடவை பெரியவர் கேட்பதற்கு முன்னால் மருமகனே சொன்னான்: "சார், வாடகை ரூம்ல, வெளியூர்லேருந்து வந்து தனியா இருக்கறவங்களுக்கான படம். தாம்பரம், வேளச்சேரி, திருவல்லிக்கேணி, கோயமுத்தூர் சரவணம்பட்டி. நைட் ஷோ மட்டும். ஃபேமிலி வேண்டாம் சார்."

பெரியவர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். "வேண்டாம்னு சொல்லக் கத்துக்கிட்டே" என்றார். "2016 கடைசியில 'துருவங்கள் பதினாறு'ன்னு உன் வயசுப் பையன் கார்த்திக் நரேன் எடுத்தான். அவனுக்கும் பெரிய ஹீரோ இல்லை, டூயட் இல்லை. ஒருத்தன் பாத்துட்டு இன்னொருத்தன்கிட்ட சொல்லித்தான் ஓடுச்சு. உனக்கும் அந்த வாய்தான் வழி."

நாலு ஸ்க்ரீன். தினம் ஒரு இரவுக் காட்சி. ஒரு வாரம். கமிஷன் பத்து பர்சென்ட். சிகரெட் அட்டை மறுபடி வெளியே வந்தது. ஸ்க்ரீனுக்கு 200 ஸீட். எல்லாம் நிறைந்தாலும் 5,600 பேர். நம் கைக்கு 2,52,000 ரூபாய். நகை வராது!

"இது வசூலுக்கு இல்லை சார். ஜாதகம்" என்றார் பெரியவர் என்னைப் பார்த்து. "தியேட்டர்ல ஓடினதுன்னு ஒரு கட்டம் எழுதிட்டாத்தான் ஓ.டி.டி.காரன், டி.வி.காரன் பொண்ணு கேட்டு வருவான். வராமலும் போவான்."

விளம்பரத்துக்கு எங்களிடம் இருந்தது 2 லட்சம், அதுவும் மற்றொரு அப்பாவின் புண்ணியம். 1999-ல் வந்த 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' ஞாபகம் இருக்கிறதா? ஃப்ளோரிடாவில் சினிமா படித்த ரெண்டு பேர், காணாமல் போன மாணவர்களின் நிஜ வீடியோ என்று இன்டர்நெட்டில் முதல் வருஷமே புரளி கிளப்பி, படம் வருவதற்குள் கூட்டத்தைத் தயார் பண்ணிவிட்டார்கள். எங்கள் பையன்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. 'ரூம் வாடகைக்கு' என்று சாதாரண நோட்டீஸ் அடித்தார்கள். 'பேச்சிலர்களுக்கு மட்டும். அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது. கட்டிலுக்கு அடியில் உள்ள சூட்கேஸைத் திறக்கக் கூடாது.' கீழே பொடி எழுத்தில் தியேட்டர் பெயர். மேன்ஷன் வாசல், மெஸ் சுவர், பி.ஜி. நோட்டீஸ் போர்டு என்று ஒட்டினார்கள். விசாரித்துப் பதினேழு பேர் நிஜமாகவே ரூமுக்கு போன் பண்ணினார்கள். மருமகன் அத்தனை பேரையும் படத்துக்குக் கூப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி, தாம்பரம் பக்கம் ஒரு தியேட்டர். அக்கா கோயிலுக்குப் போய்விட்டாள். எட்டுப் பையன்களும் உள்ளே இருக்க முடியாமல் பார்க்கிங்கில் நின்றார்கள். நான் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில், தூணோடு தூணாக.

பத்து மணிக்கு 41. பத்தே காலுக்கு 68. நியூஸ் ரீல், புகையிலை எச்சரிக்கை எல்லாம் ஆரம்பித்துவிட்டது. 83-ல் நின்றது நம்பர். அசையவே இல்லை. கவுன்டர்காரர் சில்லறையை அடுக்க ஆரம்பித்தார்.

அப்போது கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க ஒரு பையன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"சார், அந்த மேன்ஷன் படம் இதானே? அட்வான்ஸ் திருப்பித் தரமாட்டான்னு ஒருத்தன் சொல்லுவானாமே?"

"இதேதான்."

திரும்பி, கேட்டைப் பார்த்துக் கத்தினான்: "டேய், இதான்டா! வாங்கடா!"

ரெண்டு பைக்கிலிருந்து இறங்கினார்கள். எண்ணினேன். 84... 85... 86... 87.