மேற்கே போன ஆறு... கிழக்கே வந்த கதை!

"வால்பாறையில பார்க்க என்ன சார் இருக்கு?" என்று கேட்கும் ஆபீஸ் நண்பர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: "மியூசியம்!" கூரை கிடையாது, 'தொடாதே' போர்டு கிடையாது. காட்சிப் பொருள், ஆறு!

மற்ற ஊர் ஆறுகளில் படகு போகும். இங்கே தண்ணீரே பயணம் போகிறது. அதுவும் ரூட் மாறி!

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு ஒத்துழைத்தால் வால்பாறை. அங்கிருந்து சின்னக்கல்லாறு. குடை பிடித்தும் நனைந்தேன். 'தென்னகத்தின் சிரபுஞ்சி' என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த மழையில் வளர்கிற நீராறு, விட்டால் பெரியாறோடு சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிற ஆசாமி. அதை மடக்கி, மலையைக் குடைந்து சோலையாறு அணைக்கு அனுப்பிவிட்டார்கள். சோலையாறும் சாலக்குடி ஆற்றோடு மேற்கே போகிற கட்சிதான். அந்தத் தண்ணீரையும் பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி மின் நிலையம் என்று சுற்ற வைத்து, சுமார் 49 கி.மீ. காண்டூர் கால்வாயில் மலையோரமாகவே நடத்தி, உடுமலைப் பக்கம் திருமூர்த்தி அணையில் சேர்க்கிறார்கள். இதுதான் பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். 1961-ல் நேரு தொடங்கி வைத்தது.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? வரவு செலவு பார்த்தேன். 1970 ஒப்பந்தப்படி கேரளாவுக்கு சோலையாற்றிலிருந்து வருஷம் 12.3 டி.எம்.சி., சித்தூர் பாசனத்துக்கு 7.25 டி.எம்.சி. போக, மிச்சம் நமக்கு. அதை நம்பி கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் 4 லட்சம் ஏக்கர்! எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியுமா? 4 மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத்தான் தண்ணீர். நம்ம ஆபீஸில் ஒரு ஃபேனுக்கு நாலு பேர் மாதிரி. நாம் சிரிக்கலாம். கடைமடை விவசாயி சிரிக்க மாட்டார்.

2022 செப்டம்பர் 21. பரம்பிக்குளம் அணையின் 3 ஷட்டர்களில் நடு ஷட்டர், சங்கிலி அறுந்து பிய்த்துக்கொண்டது. வினாடிக்கு சுமார் 20,000 கன அடி தண்ணீர் பாய்ந்தது. எங்கே? சாலக்குடி ஆற்றுக்கு! இத்தனை வருஷம் கிழக்கே பழக்கியும், ஆறு தன் பழைய வழியை மறக்கவில்லை.

ஒரு சங்கிலியை நம்பி எத்தனை வயல், எத்தனை தென்னை! அணை கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை சார். தினம் தினம் பார்த்துக்கொள்ள வேண்டிய சொத்து அது.

அடுத்த லீவில் வால்பாறை போனால், சோலையாறு அணை தெரிகிற இடத்தில் அஞ்சு நிமிஷம் நில்லுங்கள். செல்ஃபி அப்புறம். இறங்கி வரும்போது பொள்ளாச்சியில் ஒரு இளநீர். காசைக் கொடுக்கும்போது, மலையைச் சுற்றி வந்த தண்ணீருக்கும் மனசுக்குள் ஒரு தேங்க்ஸ்!