புக்கில் யார் பெயர்?

கையில் வந்த காசு – 11

எங்கள் உடப்புசல்லாவைப் பக்கம் பழைய கார் வாங்கும் காசு பெரும்பாலும் அம்மாமாரின் கையிலிருந்துதான் வருகிறது. பெண்கள் ஐம்பது வயதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்திலும் சேமலாப நிதியை எடுக்கலாம். சம்பளத்தில் நூற்றுக்கு 8 தொழிலாளி போட்டது, 12 தோட்டம் போட்டது, அதற்கு மேல் ஈ.ரி.எஃப். என்ற நம்பிக்கை நிதிக்கு 3. முப்பது வருடம் கூடை சுமந்து, பேர் வெட்டியதும் கிடைக்கிற காசு. மகன் ஹயர் ஓடிப் பிழைக்கட்டும் என்று அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

என் சின்னம்மாவும் அப்படித்தான் கொடுத்தார். 2022இல் தம்பி ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கினான். மெக்கானிக் பாஸை அழைத்துப் போய் என்ஜினைப் பார்த்தான், டயரைப் பார்த்தான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாலாம் மாதம் ராகலையில் இரண்டு பேர் மறித்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். முந்தி வைத்திருந்தவர் லீசிங் கட்டவில்லையாம். தம்பியிடம் இருந்தது வண்டியின் பதிவுப் புக்கின் போட்டோ கொப்பி. கையெழுத்து வைத்த கடதாசியோ முழுக்கச் சிங்களம். சின்னம்மா அழவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “புக்குல யாரு பேரு இருந்துச்சு தம்பி?”

காரைத் தொடுவதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி அதுதான். லீசிங் முடியும்வரை மூலப் புக் பொதுவாக நிதி நிறுவனத்திடம்தான் இருக்கும். விற்பவர் கொப்பியை மட்டும் நீட்டினால் அங்கேயே நில்லுங்கள். மூலப் புக்கில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த நிறுவனம் கடன் தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி, வாகன எண்ணைப் போட்டு, பதிவு விபரத்தைப் பார்க்கலாம். மூலப் புக்கிலுள்ள செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

‘ஓப்பன் பேப்பர்’ இன்னொரு பொறி. பெயர் மாற்றாமலே கை மாறிக் கை மாறி வரும் வண்டி அது. உரிமை மாறினால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் புக்கில் பெயருள்ளவரை நேரில் பார்க்காமலே நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள். அவர் இறந்துவிட்டால் கையெழுத்துக்கு யாரிடம் போவது? கடதாசி சிங்களத்தில் இருந்தால், அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவதில் வெட்கமே வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஓய்வெடுக்க வேண்டிய வண்டிகள்கூடப் பெயின்ட் பூசிக்கொண்டு சந்தைக்கு வந்தன. ஆகவே ஓட்டிப் பார்ப்பதும் முக்கியம், அதுவும் நம் ரோட்டில். கொழும்பில் நல்ல கார், மலையில் நல்ல காராக இருக்க வேண்டியதில்லை. காலையில் போய் முதலில் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிரில் அது எப்படிக் கிளம்புகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். நாலு பேரை ஏற்றி ராகலைப் பக்கம் ஏறுங்கள். என்ஜின் அலறியும் வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. சரிவில் நிறுத்தி ஹாண்ட்பிரேக்கை மட்டும் நம்பிப் பாருங்கள். இறங்கும்போது பிரேக் பெடல் தாழ்ந்தாலோ கருகல் நாற்றம் வந்தாலோ அது நம் ரோட்டுக்கு ஆகாது. ஒயில் மூடிக்கடியில் வெள்ளை நுரை கண்டால் உடனே பயப்படாதீர்கள். நம் பனியில் குறுகிய தூரமே ஓடும் வண்டிக்கு அது வரும். ஆனால் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது களனி ஆற்றங்கரையில் எத்தனையோ வாகனங்கள் நீரில் நின்றன. கழுவித் துடைத்தால் வெளியில் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கலாம். ஸ்பேர் டயரைத் தூக்கிப் பாருங்கள், கார்ப்பெட்டைக் கிளப்பி முகருங்கள்.

போன மாதம் தம்பி மறுபடியும் ஒரு வண்டி பார்த்தான். மூலப் புக்கைக் கையில் வாங்கி, முதல் பக்கத்தில் இருந்த பெயரைச் சின்னம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். பெயருக்குரியவர் எதிரிலேயே அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் சின்னம்மா மடியிலிருந்து முற்பணத்தை எடுத்தார்.

(அடுத்த வாரம்: லீசிங் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன்)