மனை எல்லை மீறல்

மனை எல்லை மீறல் என்பது வீட்டு உரிமையாளர் தம் பட்டா அளவைத் தாண்டிக் கட்டடம் எழுப்புவதாகும். விருதுநகர் மாவட்டச் செய்திகளில் இது பெரும்பாலும் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. சட்டப்படி இதில் இரண்டு வகை உண்டு.

தெரு, ஓடை போன்ற புறம்போக்கில் நீண்ட கட்டடத்தை, தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இன்படி அறிவிப்பு கொடுத்து வருவாய்த்துறை அகற்றலாம். பொக்லைன் வரும் நாளில் படத்துடன் செய்தியாவது இதுவே.

அடுத்த வீட்டுக்காரர் மனைக்குள் ஒரு முழம் சுவர் நுழைந்தால் அது உரிமையியல் வழக்கு. இடம் யாருக்கு உரியது என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். செய்தியைப் பார்த்துவிட்டு, ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. காலவரையறைச் சட்டம் 1963-இன்படி, தனியார் நிலத்தை ஒருவர் வெளிப்படையாகவும் எதிரிடையாகவும் 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால் உரிமையாளர் நிலத்தையே இழக்க நேரிடும். அரசு நிலத்துக்கு இக்காலம் 30 ஆண்டுகள். மனு கொடுப்பதால் இந்தக் கணக்கு நிற்காது.

வழக்குக்கு முன் அளவை தேவை. கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் நில அளவர் புலப்படத்தைக் கொண்டு அளந்து எல்லையைக் காட்டுவார். பழைய வேலியை மட்டும் நம்பக்கூடாது. பத்திரத்தின் செக்குபந்தியையும் அளவுகளையும் அதனுடன் ஒப்பிட வேண்டும்.

சிவகாசி வட்டாரத்தில் சொந்த மனைக்குள் கட்டும் வீடும் சிக்கலாகலாம். பட்டாசு ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையிலான பாதுகாப்புத் தூரத்தை வெடிபொருள் விதிகள் 2008 வரையறுக்கின்றன. இது உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. நில உரிமைத் தகராறு அன்று.